புதன்கிழமைப் பச்சை

கியாவ் ராட்சபுரிக்குப் போய்த் திரும்ப எழுபத்தொன்பது மணி நேரம் ஆகிவிட்டது. தங்கைக்குப் பித்தப்பையில் கல். அறுவை முடிந்து, தங்கை நாலு கரண்டி கஞ்சி குடிப்பதைப் பார்த்த பிறகுதான் வேன் ஏறினாள். தாய்லாந்தின் மஹாசாயில் இறங்கியபோது வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. அச்சுப் பட்டறையின் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பையைக் கீழே வைக்கும் முன்பே அவள் பார்வை அலமாரிக்குப் போனது. சாப்பாட்டு டப்பாக்களின் எவர்சில்வர் மூடிகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஒரு கணவாய் மீன், ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பேர். 'புதன்' என்று சீட்டு வைத்த தட்டில் ஐம்பத்தாறு கணவாய்கள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. 'வியாழன்' தட்டில் நாற்பத்தெட்டு, பச்சை நிறத்தில்.

அவள் விரல் வைத்து எண்ணினாள். எண்ணிக்கை சரி. ஒரு மூடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மை வரவில்லை. மை இறுக அடுப்பில் வைத்து எடுத்தாயிற்று.

"வந்துட்டியா?" உள்ளிருந்து கணவன் கிம்லீ கேட்டான். "தங்கச்சி எப்படி இருக்கா?"

"கஞ்சி குடிச்சா."

"நல்லது, நல்லது." அவன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து நின்றான். முகத்தில் பெருமை. "பாத்தியா? மொத்தமும் முடிச்சுட்டோம். நீ இல்லைன்னா வேலை நடக்காதுன்னு ஊரெல்லாம் பேசுதே, இப்பப் பேசச் சொல்லு."

கியாவ் அவனைப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு ஹியா" என்றாள். பிறகு சோற்றுக்கு அரிசி களையப் போனாள்.

ஹியா என்றால் அண்ணன். மனைவி முதல் தபால்காரர் வரை அவனுக்கு அதுதான் பேர்.

*

இந்த டப்பாக்களைக் கேட்டது, கணவாயும் மீனும் உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி. முந்நூற்று அறுபத்து நாலு பேர் வேலை செய்கிறார்கள். எல்லாரும் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து உடை மாற்றும் அறையில் தொங்கவிட, எறும்பு வந்தது. எறும்பைப் பார்த்த முதலாளி, கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு ஆளுக்கொரு இரண்டடுக்கு டப்பா என்று அறிவித்துவிட்டார். ஆர்டர் கொடுக்க வந்தது கொள்முதல் பிரிவில் இருக்கும் வாரீ. முப்பது வயதுப் பெண். சிரித்துக்கொண்டே தொல்லை கொடுப்பாள்.

"அக்கா, வெறும் பேர் போட்டா போதாது" என்றாள் அன்று. "எங்க கம்பெனியில லெக்ங்கிற பேர்ல மட்டும் பதினோரு பேரு. எந்த லெக் டப்பாவை எந்த லெக் எடுத்துட்டுப் போவான்னு யாருக்குத் தெரியும்? அதனால அவங்கவங்க பிறந்த கிழமை நிறத்துல கணவாய் போடணும். முதலாளியோட யோசனை." தாய்லாந்தில் கிழமைக்கொரு நிறம் உண்டு.

"செவ்வாக்கிழமை லெக் ரோஸ் கணவாய், சனிக்கிழமை லெக் ஊதாக் கணவாய்" என்றாள் கியாவ்.

"அதேதான். புதனுக்குப் பச்சை, வியாழனுக்கு ஆரஞ்சு."

"புதன் ராத்திரி பிறந்தவங்களுக்கு?" என்று கேட்டான் கிம்லீ. "அதுக்கு நிறம் வேறயாச்சே. சாம்பல்."

வாரீ தலையில் கை வைத்துக்கொண்டாள். "சாம்பல் கணவாயா? கெட்டுப்போன சரக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க ஹியா. எல்லாரும் பகல்லேயே பொறந்துட்டாங்கன்னு வெச்சுக்குவோம்."

கிழமை தெரியாதவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் வெள்ளிக்கிழமை என்று எழுதிக் கொடுத்தார்களாம். வான நீலம் பார்க்க அழகு.

ஆர்டர் எடுத்த நாளிலிருந்தே கியாவுக்குக் கவலைதான். ஏழு நிறம். வழக்கமாக ஒரு பல் மருத்துவர் வருவார், ஒரு கூட்டுறவு வங்கி வரும், ஒரே நிறம் கேட்பார்கள். ஏழு நிறம் கேட்டு யாரும் வந்ததில்லை.

கிம்லீக்குப் பச்சையும் ஆரஞ்சும் ஒன்றாகத்தான் தெரியும். கல்யாணமான முதல் மாதத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். புது வருஷத்துக்குச் சிவப்புச் சட்டை வாங்கி வருகிறேன் என்று போனவன், பாசி நிறத்தில் ஒன்றை வாங்கிவந்து, "உன் நிறத்துக்குச் சிவப்பு எடுக்கும்" என்றான். அவள் அதை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அதன் பிறகு பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். மாம்பழத்தை மோந்துதான் எடுப்பான். போக்குவரத்து விளக்கில் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்ப்பான். மையைக் கண்ணால் பார்த்துக் கலக்கவே மாட்டான். தராசில் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் கலப்பான். "ஹியா கை சுத்தம், அரை கிராம் பிசகாது" என்று அந்தத் தொழிலில் அவனுக்குப் பேர்.

அவன் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தினமும் காலையில் அன்றைய வேலைக்கான மை டப்பாவை எடுத்து அச்சு மேசையில் வைப்பது அவள் வேலையாகிவிட்டது. பெண்டாட்டிக்கு ஒழுங்கு அதிகம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவனுக்கு நிறம் தெரியாது என்பது இருபத்தாறு வருஷமாக அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு அவள் போனை எடுத்துப் பார்த்தாள். புதன்கிழமை மத்தியானம் அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். இரண்டு மை டப்பா, பக்கத்தில் பக்கத்தில், அவள் ஒட்டிவிட்டுப் போன பேர்ச் சீட்டு மேலே இல்லாமல். 'எது நல்லா இருக்கு?' என்று கேட்டிருந்தான். மருத்துவமனை வராந்தாவில் நின்றபடி அவள் 'ரெண்டும் அழகு' என்று எழுதி, கூடவே ஆடும் கரடிப் படம் ஒன்றைத் தட்டிவிட்டிருந்தாள்.

அன்று அவன் நாலு தடவை போனும் பண்ணினான். நாலு தடவையும் தங்கச்சியின் உடம்பைப் பற்றிக் கேட்டான். அந்தத் தங்கச்சியோடு அவன் பேசிப் பத்து வருஷம் ஆகிறது.

*

பதினோரு மணிக்கு வாரீ வந்தாள். ஒரு பெட்டி சீனிப் பலகாரமும் கொண்டுவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வந்து சேர வேண்டும், திங்கட்கிழமை காலை பிக்குகளை அழைத்து அன்னமிட்ட பிறகு டப்பா கொடுப்பது என்று ஏற்பாடு.

"ஐ, எவ்வளவு அழகா இருக்கு!" என்று ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பில் ஆரம்பித்தவள், மஞ்சள், ரோஸ் தாண்டி நாலாவது தட்டுக்கு வந்ததும் நின்றாள். ஒரு மூடியை எடுத்தாள். கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்தாள். இன்னொரு மூடியை எடுத்தாள்.

"அக்கா," என்றாள். "இந்த லெக் புதன்கிழமை லெக்."

கிம்லீ தராசைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இதுவும் புதன். இதுவும். அக்கா, புதனும் வியாழனும் அப்படியே மாறிடுச்சே! வேற கிழமை நிறம் போட்டுக்கிட்டா ஆகாதுன்னு பாதிப் பேரு டப்பாவைத் தொடமாட்டாங்க. மீதிப் பேரு அடுத்தவன் சோத்தைத் தின்பாங்க."

"அழிச்சிட்டு மறுபடி போட்டுடலாம்" என்றாள் கியாவ். "நூத்திநாலு மூடிதான். மை உரிக்கிற மருந்துல ஊறப்போட்டா வந்துடும். ஞாயித்துக்கிழமை காலையில உன் வாசல்ல சாமான் இருக்கும்."

வாரீக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அச்சு மேசையருகே நின்ற மி சானைப் பார்த்தாள். மி சான் பர்மாவிலிருந்து வந்த மோன் இனப் பெண், நாற்பத்திரண்டு வயது. இந்தப் பட்டறையில் பதினோரு வருஷம். அச்சுச் சட்டத்தில் மை இழுப்பது அவள்தான்.

"ஓ," என்றாள் வாரீ. அந்தக் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "இவங்க அந்தப் பக்கம் இல்ல? அவங்களுக்கு நம்ம கிழமை நிறம் எல்லாம் தெரியாது. பாவம், யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க."

மி சான் கிம்லீயைப் பார்த்தாள். கிம்லீ தராசைத் துடைத்தான்.

"எங்க ஊர்லயும் கிழமை இருக்கும்மா" என்றாள் மி சான். "நிறம் இல்ல, மிருகம். நான் வியாழன். எலி."

"எலியா!" வாரீ சிரித்துவிட்டாள். "எங்க மேனேஜர் என்ன?"

"எப்பப் பொறந்தாரு?"

"புதன்."

"காலையிலயா, சாயங்காலமா? காலையிலன்னா தந்தம் உள்ள யானை. சாயங்காலம்னா தந்தம் இல்லாத யானை."

"தந்தம் இல்லாததுதான்" என்றாள் வாரீ. "பாத்தாலே தெரியும்."

அவளும் மி சானும் சிரித்தார்கள். கியாவும் சிரித்தாள். கிம்லீ மட்டும் சிரிக்கவில்லை. சரியான நிறத்தில் ஒரு மூடி போட்டுக் காட்டுங்கள், போய் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, வாரீ வங்கி வேலையாகப் போனாள்.

*

மூடிகளைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மருந்தில் ஊறப் போட்டார்கள். பின்வாசலில் கியாவும் மி சானும் கையுறை மாட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து தேய்த்தார்கள். மருந்தின் நெடி மூக்கில் ஏறியது. ஆரஞ்சு மை தோல் தோலாக உரிந்து மிதந்தது. கால்வாயில் ஒரு படகு போனது. கருவாட்டு நாற்றமும் வந்து சேர்ந்தது.

"அக்கா, நான் அவர்கிட்ட கேட்டேன்" என்றாள் மி சான், தலை நிமிராமல்.

"என்ன கேட்ட?"

"மழையில டப்பா மேல ஒட்டின பேரு ரெண்டு விழுந்துடுச்சு. ஹியாதான் திரும்ப ஒட்டினாரு. மேசையில கொண்டுவந்து வெச்சு, இது புதன்னாரு. ஹியா, இதுவான்னு கேட்டேன். உனக்குப் பச்சை தெரியாதான்னு கோவிச்சுக்கிட்டாரு. பளிச்சுனு ஆரஞ்சு அக்கா. இங்க பிக்குங்க உடுத்துற சீவரம் மாதிரி."

"நீ மறுபடி சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவருக்குக் கோவம் வருது. நான் வேற ஒண்ணு நினைச்சேன்." மி சான் தேய்ப்பதை நிறுத்தினாள். "இது புது மையோ என்னவோ, அடுப்புல வெந்தா பச்சையாகும்போலன்னு நினைச்சேன். இறால் வெந்தா சிவக்குதில்ல?"

கியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் தோள் குலுங்கியது. மி சானும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷத்துல நான் ஒரு மூடி கெடுத்ததில்ல அக்கா. அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவ தப்பு இல்லன்னு. யார் தப்புன்னு கூடச் சொல்ல வேணாம்."

"ம்."

"இந்த ஆர்டர் முடியட்டும். என் ஒண்ணுவிட்ட தங்கச்சி இறால் உரிக்கிற கொட்டகையில ஆள் எடுக்கிறாங்கன்னு சொல்றா. முதலாளி மாறுற காகிதத்துல நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

"ஐஸ் தண்ணியில கையை வெச்சுக்கிட்டு நாளெல்லாம் நிக்கணும் மி."

"தெரியும். ஆனா அங்க இறால் உரிச்சா இறால்தான். யாரும் வேற பேரு சொல்ல மாட்டாங்க."

மத்தியானம் முருங்கைக்காய் போட்ட புளிக்குழம்பும் பொரித்த அயிலையும் சமைத்திருந்தாள் கியாவ். மி சான் வீட்டிலிருந்து புளிச்சக்கீரை வதக்கிக் கொண்டுவந்திருந்தாள். வழக்கமாக மூன்று பேரும் அச்சு மேசையின் கோடியில் சேர்ந்து உட்கார்ந்து, எழுத்துப் பிழையாகி விலை போகாத டப்பாக்களில் சாப்பிடுவார்கள். கீரையில் பாதியைக் கிம்லீ எடுத்துக்கொள்வான். புளிப்புக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே மறுபடி எடுப்பான். அதைக் கேலி செய்வது மி சானின் தினசரி வேலை.

அன்று மி சான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய்விட்டாள்.

கிம்லீ முருங்கைக்காயை வெகு நேரம் மென்றான்.

"கீரை எங்க?" என்றான்.

"அவகிட்ட இருக்கு. போய்க் கேளுங்க."

அவன் எழுந்திருக்கவில்லை.

"ஹியா, எப்படி மாறுச்சு?"

"மழை. பேர் ஒட்டினது விழுந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? எடுத்து ஒட்டினேன்."

"பாத்து ஒட்டினீங்களா?"

"பாத்துதான் ஒட்டினேன்" என்றான் கிம்லீ. குரல் உயரவில்லை. "ரொம்ப நேரம் பாத்தேன்."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். மழை ஓசையில் தனியாக நின்று, இரண்டு டப்பாவையும் சன்னல் பக்கம் கொண்டுபோய், விளக்கடிக்குக் கொண்டுபோய், மோந்து பார்த்து, படம் பிடித்து அனுப்பி, ஆடும் கரடியைப் பதிலாகப் பெற்று நின்ற மனிதனை அவளால் அப்படியே பார்க்க முடிந்தது. எனக்குத் தெரியும் ஹியா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் இத்தனை வருஷம் ஒவ்வொரு காலையும் அவள் எடுத்து வைத்த டப்பாக்கள் எல்லாம் அவனுக்குப் பிச்சை போட்டதுபோல ஆகிவிடுமோ என்று இருந்தது.

"மி போறாளாம்" என்றாள்.

"எங்க?"

"இறால் கொட்டகைக்கு."

"அவ மூட்டு வலியோட அங்க எப்படி நிப்பா?"

"அதை நீங்க அவகிட்டதான் சொல்லணும்."

கிம்லீ சோற்றைப் பாதியில் மூடி வைத்தான். அச்சு மேசைக்குப் போய், இரண்டு டப்பாவையும் எடுத்து, ஒன்றை இங்கே வைத்தான், ஒன்றை அங்கே வைத்தான். மறுபடி மாற்றி வைத்தான். கியாவ் எழுந்து போய் எதையோ தேடுவதுபோலப் பச்சையை அவன் கைக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டு வந்தாள்.

அவன் அந்த டப்பாவைப் பார்த்தான். பிறகு அவள் முதுகைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

*

மூன்று மணிக்கு வாரீ திரும்பி வந்தபோது சுத்தம் செய்த மூடிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பச்சைக் கணவாயோடு ஒரு மூடி தயாராக இருந்தது. புதன்கிழமை லெக்கின் மூடி.

"இதுதான்! இதேதான்!" என்றாள் வாரீ. "எனக்கு உயிரே வந்துச்சு. மேனேஜர் போன்ல சத்தம் போட்டாரு. சரக்கை முதல்ல பாக்கும்போது தப்பு இருந்தா அறிக்கை எழுதணுமாம். எப்படி நடந்துச்சு, யாரால நடந்துச்சு, மறுபடி நடக்காம என்ன பண்ணினீங்க. மூணு வரி." அவள் மேசையில் தாளை விரித்தாள். "பயப்படாதீங்க அக்கா, நான் நல்லபடியா எழுதிடறேன். அயல்நாட்டுத் தொழிலாளி, நம்ம வழக்கம் தெரியல, இனிமே நம்ம வேலையில அவங்களைப் போட மாட்டாங்கன்னு எழுதினா மேனேஜர் அதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டாரு. அடுத்த வருஷ ஆர்டரும் உங்களுக்கே வரும். பேர் மட்டும் சொல்லுங்க."

பின்வாசலில் மி சான் கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். உள்ளே வந்து, மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மி சான்" என்றாள். "மி தனியா, சான் தனியா எழுதணும்."

வாரீ பேனாவைத் தாளில் வைத்தாள்.

"எழுதாத வாரீ" என்றாள் கியாவ். "அது என்னால ஆனது. பேர் ஒட்டினதை நான் சரியா அழுத்தி ஒட்டல. ஊருக்குப் போற அவசரத்துல..."

"நீ சும்மா இரு" என்றான் கிம்லீ.

அவன் அதட்டிப் பேசி அவள் கேட்டதில்லை. இதுவும் அதட்டல் போல இல்லை. அவன் வந்து மி சானுக்கும் தாளுக்கும் நடுவில் நின்றான். கையில் தராசுத் துணி இருந்தது. அதை மேசையில் வைத்தான்.

"மி, நீ கேட்ட. இதுவான்னு கேட்ட. நான் உன்னைத் திட்டினேன்."

"பரவால்ல ஹியா."

"பரவால்லன்னு சொல்லாத. இறாலு மாதிரி வெந்தா மாறும்னு நினைச்சேன்னு நீ பின்வாசல்ல சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நானும் அப்படித்தான் வேண்டிக்கிட்டேன், தெரியுமா? அடுப்பு முன்னாடி நின்னு." அவன் வாரீ பக்கம் திரும்பினான். "எழுதும்மா. என் பேரு எழுது. முழுப் பேரும் எழுது."

"ஹியா, நீங்க முதலாளி. உங்களுக்குத் தெரியாதா என்ன, எது பச்சைன்னு?" என்றாள் வாரீ.

கிம்லீ திரும்பினான். மனைவியைப் பார்த்தான். அவள் கண் நிறைந்திருந்தது. பார்வையை அவள் தாழ்த்தவில்லை.

"தெரியாதும்மா" என்றான் அவன். "பொறந்ததுலேர்ந்தே தெரியாது. எனக்கு நிறம் தெரியாது. என் கண்ணுக்குப் புதனும் வியாழனும் ஒரே கிழமைதான்."